தரவும் பாயிரமும்

ஆராய்ச்சியாவது ஒரு முடிபைக் கூறுதலோடு அமைவதன்று. அம்முடிபுக்கு ஏதுவானவற்றைப் பிறர் கண்டு சோதிக்குமாறு முன்வைத்தலும் அதன் கூறாகும். ஏதுவை மறைத்து முடிபை மாத்திரம் உரைப்போன் அவையோரை நம்புமாறு பணிப்பவனாவான், ஆராய்ச்சியாளன் ஆகான். இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வாளர் திரட்டிய அளவைகள், கணக்கேடுகள், நேர்காணற் பதிவுகள், ஒலிப்பதிவுகள், படங்கள் முதலிய தரவுகளை இணையவழிக் களஞ்சியங்களில் இட்டு யாவர்க்கும் வழங்க முற்பட்டுள்ளன. இம்முயற்சி பலராலும் பாராட்டப்படுகின்றது. ஆயின் எதன்பொருட்டு அது பாராட்டப்படல் வேண்டும் என்பது ஆராயற்பாலது. களஞ்சியம் என்றதும் பொருளைக் குவித்துப் பூட்டிவைக்கும் அறையொன்றையே பலர் எண்ணுவர். காத்துவைத்தல் அதன் தொழிலிற் பாதியாம். முன்பின் அறியாத ஒருவன் அத்தரவைக் கொண்டு ஆசிரியன் கூறிய முடிபை மீள அடைதற்கும், வேண்டுமாயின் மறுத்தற்கும் இடமளித்தல் எஞ்சிய பாதியாம். இவ்வளவுகோல் கொண்டு நோக்கினாற் களஞ்சியங்களின் நிறையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

இந்நெறி தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடு தேடிய வரலாற்றையும் அவை கிடைத்த இடங்களையும் பதிப்புரையில் எடுத்துரைத்தார். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிலே புறநானூற்றை வெளியிட்டபோது, தாம் ஒப்புநோக்கிய பிரதிகளின் விவரத்தையும் பிரதிபேதங்களையும் நூலுடன் சேர்த்தார். பாடபேதங் காட்டுதல் புலமையைப் பகட்டாகக் காட்டுதலன்று. பதிப்பாசிரியர் தம் தீர்ப்பைப் பிறர் சோதனைக்கு உட்படுத்தும் நேர்மையாகும். அடிக்குறிப்பை நோக்கும் மாணவன், ஆசிரியர் தள்ளிய பாடமே பொருத்தமுடையதென வாதிக்கலாம். அவ்வாதத்துக்கு வேண்டிய கருவியை அவனுக்கு அளித்தவர் அப்பதிப்பாசிரியரேயாவர். இன்று தரவு வெளியீடு எனப்படுவது இப்பண்பை ஏனைத் துறைகளுக்கும் விரித்தலேயாம்.

இப்பண்பு குறைவுபட்டவிடத்து நேர்வது யாது என்பதற்குப் பொருளியல் துறையிலே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2010ஆம் ஆண்டிலே கார்மன் றைன்ஹார்ட், கெனத் றொகொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர், அரச கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்புபற்றிக் கட்டுரையொன்று வெளியிட்டனர். முன்னேறிய நாடுகள் இருபதின் கணக்கை ஆராய்ந்த அவர்கள், 1946ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்திலே அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைக் கடந்தவிடத்துச் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் எனக் காட்டினர். உலக நிதி நெருக்கடியை அடுத்த காலமாதலின், அரசச் செலவைக் குறைத்தல் வேண்டுமென ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாதித்தோர்க்கு இக்கட்டுரை பெருந்துணையாயிற்று.

அம்ஹேஸ்ற் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவரான தொமஸ் ஹேண்டன், வகுப்புப் பயிற்சியாக இக்கணக்கை மீளச் செய்ய முயன்றார். பொதுவில் வெளியிடப்பட்டிருந்த தரவைக் கொண்டு அவரால் அதே எண்களை அடைய முடியவில்லை. கேட்டபோது கட்டுரையாசிரியர் தாம் கையாண்ட எக்செல் கணக்குத்தாளை அவருக்கு அனுப்பினர். அத்தாளிலே சராசரி எடுக்கும் வரிசையில் அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில நாடுகளின் சில ஆண்டுகள் சேர்க்கப்படாமையும், நாடுகளுக்கு நிறை வகுத்த முறையும் கேள்விக்குள்ளாயின. நியூசிலாந்து 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கடனோடிருந்ததாகக் கணக்கிற் கொள்ளப்பட்ட ஓராண்டும், பிரித்தானியா அவ்வாறிருந்த பத்தொன்பது ஆண்டுகளும் சம நிறை பெற்றிருந்தன. ஹேண்டனும் அவர்தம் பேராசிரியர்களான மைக்கல் ஆஷ், றொபேட் பொலின் என்போரும் 2013ஆம் ஆண்டிலே வெளியிட்ட மறுகணக்கின்படி அச்சராசரி 2.2 சதவீதமாயிற்று. நாடுகள் விடுபட்ட பிழையை மூல ஆசிரியர் ஒப்புக்கொண்டனர். நிறை வகுத்த முறை தவறென்பதை ஒப்புக்கொண்டிலர். உயர்ந்த கடன் குறைந்த வளர்ச்சியோடு சேர்ந்தே காணப்படுகின்றது என்னும் தம் கருத்தையும் கைவிட்டிலர்.

அவ்வழக்கின் முழுத் தீர்ப்பு பொருளியலார்க்கு உரியது. ஈண்டுக் கருதற்பாலது பிறிதொன்று. மூலத் தரவு முற்றாக மறைக்கப்பட்டிருக்கவில்லை. வெளிப்படாதிருந்தது அத்தரவிலிருந்து முடிபுக்குச் சென்ற வழியே. அவ்வழி தெரிந்ததும் ஒரு மாணவர் பிழையைக் கண்டுகொண்டார். கட்டுரை வெளிவந்த அன்றே கணக்குத்தாளும் களஞ்சியமொன்றில் இருந்திருப்பின், மூன்றாண்டுக்குள் எத்துணையோ பேர் அதனைக் கண்டிருக்கலாம். கேட்டவுடன் தாளை அனுப்பிய ஆசிரியர்தம் நற்பண்பு போற்றற்குரியது. எனினும் ஒரு துறையின் மெய்ம்மை தனியொருவரது நற்பண்பை நம்பி நிற்றலாகாது.

நற்பண்பு உடையோரும் என்றும் இருப்பவரல்லர். கட்டுரைகளின் ஈற்றிலே, வேண்டுவோர் கேட்பின் தரவு தரப்படும் என்று எழுதும் வழக்கம் உண்டு. அவ்வாக்குறுதியின் ஆயுளை அளந்த ஆய்வொன்று 2014ஆம் ஆண்டிலே உயிரியல் ஏடொன்றில் வெளிவந்தது. அவ்வாய்வாளர் 516 கட்டுரைகளை எடுத்து, அவற்றின் ஆசிரியரிடம் தரவைக் கேட்டனர். கட்டுரையின் வயது ஓராண்டு கூடுந்தோறும் தரவு கிடைத்தற்குரிய வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்தமையை அவர்கள் கண்டனர். ஆசிரியரது மின்னஞ்சல் முகவரி பயனற்றுப் போதலும், தரவு பழைய வட்டுகளிற் கிடந்து மறைதலும் இதற்குக் காரணங்களாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எத்துணை எளிதில் அழியும் என்பதை ஈழத்தவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களோடு, வேறு படியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின.

பல்கலைக்கழகக் களஞ்சியம் இவ்விழப்பைத் தடுத்தற்கு எழுந்த அமைப்பு. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமும் ஹியூலெற் பக்காட் நிறுவனமும் சேர்ந்து 2002ஆம் ஆண்டிலே வெளியிட்ட டிஸ்பேஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், இத்தகைய களஞ்சியங்கள் உலகெங்கும் பெருகத் துணைசெய்தது. களஞ்சியத்தில் இடப்படும் தரவுத்தொகுதிக்கு நிலையான அடையாள எண் ஒன்று வழங்கப்படும். இணைய முகவரி மாறினும் அவ்வெண் மாறாது. நூலை மேற்கோள் காட்டுமாறு தரவையும் மேற்கோள் காட்டலாம். இவ்வெண்களைத் தரவுக்கு வழங்குதற்கென டேற்றாசைற் என்னும் அமைப்பு 2009ஆம் ஆண்டிலே தோன்றியது. தரவை எவர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் உரிமை விதியும், குறித்த காலம்வரை வெளியிடாது நிறுத்திவைக்கும் வசதியும் களஞ்சியங்களில் உண்டு. இத்துணையும் காத்தற்றொழிலின்பாற்படும்.

எஞ்சிய பாதியாகிய சோதித்தற்கு இடமளித்தல், பொறியால் மாத்திரம் ஆவதன்று. தரவை இடுவோன் எழுதும் விளக்கத்தாலேயே ஆவது. பாயிரமில்லாதது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. செய்தோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, பொருள், கேட்டற்குரியார், பயன் என்னும் எட்டையும் சிறப்புப்பாயிரம் உணர்த்தல் வேண்டுமென்பர். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். 1995ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரிற் கூடியோர் தொடங்கிவைத்த விவரக் குறிப்பு முறையிற் பதினைந்து கூறுகள் உள்ளன. ஆக்கியோன், தலைப்பு, பொருள், காலம், மூலம், எல்லை, உரிமை என்பன அவற்றுட் சில. இரண்டும் ஒன்றென்றல் மிகை. ஒன்றிலிருந்து மற்றையது பிறந்ததுமன்று. எனினும், பொருளைப் பெறுவோன் முதற்கண் வினாவும் வினாக்கள் எக்காலத்தும் ஒருதன்மையனவே என்பது இவ்வொப்புமையாற் பெறப்படும்.

பாயிரமற்ற தரவின் நிலை யாதென ஓர் உவமையாற் காட்டலாம். நெல் விளைச்சல் அட்டவணையொன்று களஞ்சியத்தில் இடப்பட்டுள்ளதெனக் கொள்க. நிரல்களின் தலையிலே சுருக்கெழுத்துகள் மாத்திரம் உள்ளன. நிலம் ஏக்கரில் அளக்கப்பட்டதோ எக்டேயரில் அளக்கப்பட்டதோ, விளைவு புசலிற் கூறப்பட்டதோ கிலோகிராமிற் கூறப்பட்டதோ, போகம் பெரும்போகமோ சிறுபோகமோ என்பது தெரியவில்லை. ஓரிடத்தில் 99 என்னும் எண் உளது. அது விளைவின் அளவோ, விடை கிடையாமையைக் குறிக்கும் அடையாளமோ என்பதும் அறியக்கூடவில்லை. இத்தரவு இழக்கப்படவில்லை, யாவரும் பெறத்தக்கதாகவும் உள்ளது. ஆயினும் பயன் யாதுமில்லை. 2016ஆம் ஆண்டிலே அறிஞர் பலர் கூடி வகுத்த நெறிகள், தரவு கண்டறியத்தக்கதாய், பெறத்தக்கதாய், பிறவற்றோடு இணையத்தக்கதாய், மீளப் பயன்படத்தக்கதாய் இருத்தல் வேண்டுமென்கின்றன. இவற்றுள் முதலிரண்டை நிறைவேற்றிய அளவில் மனநிறைவு கொள்ளும் களஞ்சியம், தன்பாலுள்ள கோப்புகளின் தொகையை எண்ணிப் பெருமையுறலாம். ஆராய்ச்சிக்கு அது செய்த துணை சிறிதேயாகும்.

தரவை வெளியிடுதற்கு எதிராகக் கூறப்படும் தடைகள் மூன்று. முதலாவது, தான் வருந்தித் திரட்டியதைப் பிறன் கொண்டு முந்திவிடுவான் என்னும் அச்சம். நிறுத்திவைக்கும் கால எல்லையும் மேற்கோள் எண்ணும் இதற்குப் பரிகாரமாகும். இரண்டாவது, பிழை வெளிப்படும் என்னும் கூச்சம். இதற்குப் பரிகாரமில்லை, வேண்டுவதுமில்லை. பிழை வெளிப்படுதலே வெளியிடுதலின் நோக்கங்களுள் ஒன்று. மூன்றாவது தடை மெய்யானது. நோயாளரிடமும், போரினால் இடம்பெயர்ந்தோரிடமும் பெற்ற வாக்குமூலங்கள் நம்பி உரைக்கப்பட்டவை. பெயரை நீக்கினாலும், ஊர், வயது, தொழில் என்னும் மூன்றும் சேர்ந்தவிடத்துச் சிறிய கிராமத்திலே ஒருவரை அயலார் இனங்கண்டுகொள்வர். இத்தகைய தரவை யாவர்க்கும் திறந்துவிடுதல் அறமன்று. அவற்றின் பாயிரத்தை மாத்திரம் வெளியிட்டு, உரியோர்க்கு உரிய நிபந்தனையோடு வழங்குதலே முறை. இங்ஙனம் வரையறுத்தல் வேறு. இன்ன தரவு உண்டு என்பதையே மறைத்தல் வேறு.

இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களும் இணையக் களஞ்சியங்களை நடாத்துகின்றன. கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் இடுதலோடு நின்றுவிடாது, அவற்றுக்கு அடிப்படையான தரவையும் முறையான விளக்கத்தோடு பெற்று வைத்தல் அவற்றின் அடுத்த கடனாகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, பழக்கமே வேண்டும். அப்பழக்கத்தைப் பட்டப்படிப்பின் பின்னரே தொடங்குதல் காலந்தாழ்த்தலாம். கல்லூரி ஆய்வுகூடத்திலே அளவெடுக்கும் மாணவன் அலகையும் நாளையும் கருவியையும் உடன் குறித்தல் வேண்டும். கணக்கின் விடையோடு வழியையும் எழுதுதல் வேண்டும். பிழைத்த அளவை அழித்துவிடாது அடித்துக் காட்டுதல் வேண்டும். ஆசிரியர் விடைக்கு மாத்திரம் புள்ளி வழங்காது, பிறனொருவன் பின்பற்றத்தக்க குறிப்புக்கும் புள்ளி வழங்குவாராயின், நாளைய களஞ்சியங்களுக்கு வேண்டிய பாயிரங்கள் அவ்வகுப்பறைகளிலேயே எழுதப்படத் தொடங்கும்.