கற்றதை விடாத சிறுவன்: ‘ஷின்-சான்’ தொடரின் தொடக்கக் காலம் – தொல்காப்பிய நகைக் கோட்பாட்டின் வழி ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய அசைவூட்டக் குடும்ப நகைச்சுவைத் தொடரான ‘கிரேயான் ஷின்-சான்’ 1992 முதல் ஒளிபரப்பாகி வருகிறது. இந்தியாவில் இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் பேசிய இத்தொடர், பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி 2008இல் தடை செய்யப்பட்டது. தொடரின் தொடக்கக் காலப் பகுதியை (1992–1996), மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நான்கு நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிறுவனின் சொற்கள் பெரும்பாலும் எள்ளலிலிருந்து அன்றி, பெரியோரிடம் கற்றதை விடாது பற்றும் மடனிலிருந்து பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பெண்ணுடல் சார்ந்த நகை இவ்விளக்கத்துள் அடங்காது என்பதும், வட்டார வழக்கு இத்தொடரின் மொழிமாற்றத்திற்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஷின்-சான், மெய்ப்பாடு, நகை, மடன், மொழிமாற்றம், திண்டுக்கல் வட்டார வழக்கு.

முன்னுரை

குடும்பத்தை நகைப்பொருளாகக் கொண்ட அசைவூட்டத் தொடர்கள் நீண்ட ஆயுள் உடையவை. ஜப்பானில் ‘சசாயே-சான்’ 1969 முதலும், அமெரிக்காவில் ‘தி சிம்ப்சன்ஸ்’ 1989 முதலும் ஒளிபரப்பாகி வருகின்றன. இவற்றின் பாத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை. ‘கிரேயான் ஷின்-சான்’ தொடரின் தலைமைப் பாத்திரமான ஷின்னோசுகே நோஹாரா 1992இல் ஐந்து வயதுச் சிறுவன். இன்றும் ஐந்து வயதுச் சிறுவனே. பாத்திரம் வளராத நிலையில், தொடரைச் சூழ்ந்த காலமும் அதைக் காணும் கண்களுமே மாறுகின்றன. சிறுவயதில் இதைத் தமிழில் கண்டு வளர்ந்தவர்கள் இன்று கல்லூரிகளில் பயில்வோராகவும் கற்பிப்போராகவும் உள்ளனர். எனவே மறுவாசிப்புக்கு இது தக்க காலம்.

‘பருவம்’ என்னும் பகுப்பு மேலைத் தொலைக்காட்சி மரபுக்கு உரியது. ஜப்பானில் இத்தொடர் இடையறாது ஓடுகிறது. ஆதலின் கதைக்குள்ளேயே ஓர் எல்லையைத் தேட வேண்டியுள்ளது. 1996இல் ஷின்-சானுக்கு ஹிமாவாரி என்னும் தங்கை பிறக்கிறாள். அதற்கு முற்பட்ட பகுதி தந்தை, தாய், ஒரே மகன், ஷிரோ என்னும் நாய் ஆகியோர் மட்டுமே வாழும் சிறுவீட்டின் கதை. மித்சுரு ஹோங்கோ இயக்குநராக இருந்த காலமும் ஏறத்தாழ இதுவே. இப்பகுதியே இங்குத் தொடக்கக் காலம் எனப்படுகிறது.

இடம்பெயர்ந்த நகைச்சுவை

யோஷிதோ உசுயி வரைந்த இப்படக்கதை 1990இல் ‘வீக்லி மங்கா ஆக்ஷன்’ இதழில் தொடங்கியது. அது சிறுவர் இதழ் அன்று. வளர்ந்த ஆடவர் படிக்கும் இதழ். குழந்தை வளர்ப்பில் அல்லற்படும் பெற்றோர் தம்மைத் தாமே கண்டு நகைப்பதற்கு எழுதப்பட்ட கதை அது. 1992 ஏப்ரல் 13 அன்று அசாஹி தொலைக்காட்சியில் அசைவூட்டத் தொடராக வந்தபோது, வீட்டின் கூடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் உடனமர்ந்து காணும் நிகழ்ச்சியாயிற்று. பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகள் குறித்து ஜப்பானியப் பெற்றோரிடம் எடுக்கப்பட்ட கணிப்புகளில் இத்தொடர் பன்முறை மேலிடங்களில் நின்றது.

இந்தியாவில் 2006இல் இது ‘ஹங்காமா’ என்னும் சிறுவர் அலைவரிசையில் இடம்பெற்றது. வளர்ந்தோருக்கான இதழிலிருந்து குடும்பத் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து சிறுவர் அலைவரிசைக்கும் எனத் தொடர் இருமுறை இடம்பெயர்ந்துள்ளது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் நகைப்பவர் யார் என்பது மாறியது. பெற்றோர் தம்மைக் கண்டு நகைக்க எழுதப்பட்டதை, பெற்றோர் உடனில்லாத வேளையில் பிள்ளைகள் தனியே கண்டனர். 2008இல் தடையும், 2009இல் திருத்தங்களுடன் மீள்வருகையும் நிகழ்ந்தன.

இந்நிலையை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பட்டிமன்றம் உதவும். ஊர்ப்பெயரையே அடையாகக் கொண்டு அறியப்படும் திண்டுக்கல் ஐ. லியோனி போன்றோரின் மேடைகளில் வீட்டுப் பேச்சு பொதுநகைக்கு உரியதாகிறது. கணவன், மனைவி, மாமியார் ஆகியோர் அங்கு எள்ளப்பட்டாலும் எவரும் அதைக் குடும்பத்திற்கு எதிரானதாகக் கொள்வதில்லை. பேசுவோரும் கேட்போரும் குடும்பத்தினராக ஓரிடத்தில் அமர்ந்திருப்பதே காரணம். அவ்வரங்கச் சட்டகம் சிறுவர் அலைவரிசையில் கழன்றுபோயிற்று.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் எனப் பேராசிரியர் இருவகைப்படுத்துகிறார். பேதைமை அறிவின்மை. மடன் அதனின் வேறானது; பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை ஆராயாமல் விடாது பற்றியிருத்தல் என்பது உரை மரபு.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியதாயினும், நகை எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவை அது எழுப்பும் முறை காட்சிக் கலைக்கும் பொருந்தும். ஷின்-சான் மீதான குற்றச்சாட்டு, அவன் செய்வன அனைத்தையும் எள்ளலுள் அடக்கியது. பெரியோரை மதியாமை, தாயைப் பெயர் சொல்லி அழைத்தல், பொதுவிடத்தில் அடாத சொல் பேசுதல் ஆகியவை இழிவுபடுத்தும் கருத்துடையனவாகக் கொள்ளப்பட்டன. தொடக்கக் காலக் காட்சிகளை நிலைக்களன் நோக்கில் பகுத்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

பெரியோர் சொல்லும் சிறுவன் வாயும்

ஷின்-சான் பயிலும் ஃபுதாபா மழலையர் பள்ளியின் முதல்வர் தோற்றத்தால் அச்சமூட்டுபவர், உள்ளத்தால் மென்மையானவர். சிறுவன் அவரை ‘குமிச்சோ’ என அழைக்கிறான். அது அடியாள் கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் சொல். முதல்வர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார், சிறுவன் விடுவதில்லை. அவன் அவரை வெறுப்பவனும் அல்லன், அஞ்சுபவனும் அல்லன். இத்தகைய தோற்றமுடையவர் இன்னார் என்று வளர்ந்தோர் உலகம் வகுத்ததை அவன் அப்படியே பற்றிக்கொண்டான். நகை பிறப்பது சிறுவனின் மடனில். எள்ளப்படுவது தோற்றத்தால் மனிதரை எடைபோடும் வளர்ந்தோரின் வழக்கம்.

வாழ்த்துச் சொற்களை மாற்றிச் சொல்லுதல் மற்றோர் எடுத்துக்காட்டு. ஜப்பானிய வீட்டில் வெளியிலிருந்து வருபவர் ‘தடைமா’ என்பார். உள்ளிருப்பவர் ‘ஒகாயெரி’ என வரவேற்பார். ஷின்-சான் வீட்டினுள் நுழையும்போதே ‘ஒகாயெரி’ என்கிறான். வந்தவனே வரவேற்பவனாகிறான். தாய் மிசாயே திருத்துகிறாள். மறுநாளும் அதுவே நிகழ்கிறது. அவன் நாள்தோறும் கேட்பது தாயின் சொல். அதையே அவன் கற்றான். மதியாமை எனக் கருதப்படுவது இங்கு அளவுகடந்த கற்றலாக உள்ளது.

தோழி நேனே நடத்தும் வீட்டு விளையாட்டு இதன் உச்சம். சங்க மகளிர் சிற்றில் இழைத்துச் சிறுசோறு அட்டனர். தமிழகச் சிற்றூர்களில் சொப்புச் சாமான் வைத்து அப்பா–அம்மா விளையாட்டு ஆடப்பட்டது. நேனேயின் விளையாட்டிலோ வேலையிழந்த கணவனும் சலித்த மனைவியும் உடையும் நிலையிலுள்ள குடும்பமும் வருகின்றனர். உடன்விளையாடும் சிறுவர்கள் அஞ்சி ஓட முயல்கின்றனர். பெரியோர் மறைத்ததாக எண்ணும் பூசல்களைப் பிள்ளைகள் சொல் பிசகாமல் ஒப்பிக்கின்றனர். கண்ணாடியை உடைப்பதால் முகம் மாறாது என்பதே தடை பற்றிய விவாதத்திற்கு இக்காட்சி தரும் விடை.

கடனும் சிறுவாடும்

தொல்காப்பியர் நகையை அடுத்து அழுகையை வைக்கிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அதன் நிலைக்களன்கள். தொடக்கக் காலத் தொடரின் நகை இவற்றின் விளிம்பில் நிற்கிறது. தந்தை ஹிரோஷிக்கு 35 வயது. நடுத்தர நிறுவனம் ஒன்றில் பணி. டோக்கியோவிற்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் மிகுந்த கசுகாபே என்னும் புறநகரில் வீடு; அவ்வீட்டின் மீது இன்னும் 32 ஆண்டுக் கடன். தொடர் தொடங்கிய 1992, ஜப்பானில் நிலமதிப்பும் பங்குமதிப்பும் சரிந்து நீண்ட தேக்கம் தொடங்கிய காலம். வயது ஏறாத கதையுலகில் கடனும் குறைவதில்லை.

மிசாயே கணவன் அறியாமல் சேர்க்கும் பணம் தொடரில் திரும்பத் திரும்ப வருகிறது. ஜப்பானியர் அதை ‘ஹெசோகுரி’ என்பர். தமிழில் அதற்கு விளக்கம் தேவையில்லை, அது சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேமித்த பெண்களின் வரலாறு அச்சொல்லுக்குள் உண்டு. மகன் அதைப் பலர்முன் வெளிப்படுத்தும்போது தோன்றும் நகை, தனக்கென ஒரு தொகை வைத்துக்கொள்ள மறைவிடம் தேடும் பெண்ணின் நிலையையும் உடன் காட்டிவிடுகிறது.

குறும்பின் மரபு

பிள்ளையின் குறும்பைத் தமிழ் மரபு கொண்டாடியே வந்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவம். பெரியாழ்வார் திருமொழியில் அயல்வீட்டுப் பெண்கள் கண்ணனின் தீம்புகளை யசோதையிடம் முறையிடுகின்றனர். கசுகாபே வீட்டின் அயலாரும் மிசாயேயிடம் முறையிடுகின்றனர். அமைப்பு ஒன்றே, முடிவு வேறு. யசோதையின் வீட்டில் முறையீடு பிள்ளையின் பெருமையாக மாறுகிறது. மிசாயேயின் வீட்டில் அது தாயின் வளர்ப்பின் மீதான தீர்ப்பாக இறங்குகிறது. தெய்வக் குழந்தையின் குறும்புக்குத் தாய் நாணவேண்டியதில்லை. புறநகர்க் குழந்தையின் குறும்புக்கு நாணவேண்டியுள்ளது. தொடரைத் தடை செய்யக் கோரிய பெற்றோரின் அச்சமும் இந்நாணத்தின் மறுவடிவம் எனலாம்.

நகை தவறும் இடம்

எனினும் தொடக்கக் காலத் தொடரை முழுதும் இளமையாலும் மடனாலும் காத்துவிட இயலாது. வழியில் காணும் இளம்பெண்களிடம் ஐந்து வயதுச் சிறுவன் ஆடவன்போல் பேசுவதும், தாயின் உடலை மகனும் கணவனும் சேர்ந்து நகைப்பதும் பன்முறை வருகின்றன. இங்கு நகைக்கப்படுபவர் கற்பித்த ஆடவர் அல்லர்; பெண்களே. சிறுவனின் வாய் வளர்ந்த ஆடவனின் எள்ளலுக்கு மறைப்பாகிறது. தாய் தலையில் கொட்டுவதும் வேடிக்கையாகவே காட்டப்படுகிறது. படக்கதை பிறந்த ஆடவர் இதழின் சுவடு இக்காட்சிகளில் அழியாதுள்ளது. வெட்டுதல் என்னும் தணிக்கை முறை காட்சியை நீக்கலாம். காட்சிகளுக்கு இடையே ஓடும் பார்வையை நீக்க இயலாது. நிலைக்களன் நோக்கு, ஒரே சிறுவனின் இரு கூற்றுகளுள் எது மடன், எது எள்ளல் எனப் பிரித்துக் காட்டவல்லது.

திண்டுக்கல் சமவெளியும் மொழிமாற்றமும்

இத்தொடரைத் தமிழில் பேசவைப்பது வட்டார வழக்கை நினைவூட்டும் பணி. ஜப்பானியர் வெளியே செல்லும்போது சொல்லும் ‘இத்தெகிமாசு’ என்பதன் சொற்பொருள் ‘போய் வருகிறேன்’ என்பதே. போகும்போது ‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்னும் தமிழ் வழக்கு அதற்கு நேர் நிகர். வந்தவன் தாயை நோக்கி ‘வாங்க, வாங்க’ என்றால் ‘ஒகாயெரி’யின் நகை இழப்பின்றிக் கிடைக்கும்.

உறவுப்பெயர்களில் வாய்ப்பு இன்னும் மிகுதி. ஹிரோஷியின் பெற்றோர் வடக்கே அகிதாவினர். மிசாயேயின் பெற்றோர் தெற்கே குமாமோத்தோவினர். பேரனை முன்னிட்டு இருதிறத்தாரிடையே போட்டி நிகழ்கிறது. இருபுறத்துப் பாட்டிக்கும் ஒரே சொல்லைக் கொண்ட ஜப்பானிய மொழி ஊர்ப்பெயரால் வேறுபடுத்துகிறது. பொதுத்தமிழின் ‘பாட்டி’யும் அத்தகையதே. திண்டுக்கல், மதுரை வட்டாரத்திலோ தந்தையின் தாய் அப்பத்தா. தாயின் தாய் அம்மாச்சி. அழைக்கும் சொல்லிலேயே பக்கம் தெரிந்துவிடும். பொதுமைக்காக ஒதுக்கப்படும் வட்டாரச் சொல் மூலத்தின் முரணை மேலும் கூர்மையாக்கும்.

இப்பகுதியின் உழைப்பு வாழ்க்கை மற்றொரு வேற்றுமையையும் காட்டுகிறது. கசுகாபே வீட்டு நகைச்சுவை அலுவலகமும் வீடும் பிரிந்து, தாயும் மகனும் பகல் முழுதும் தனித்திருக்கும் அமைப்பின் மீது நிற்கிறது. சின்னாளபட்டி நெசவு வீட்டில் வீடே தொழிற்கூடம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு முறைவேலைக்குச் செல்லும் தாய் பகலில் வீட்டில் இருப்பாள் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய வீடுகளில் பிள்ளையுடன் அமர்ந்து தொடரைக் காணும் வாய்ப்பு அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ உரியது. சில வேளை எவருக்குமே இல்லை. பிள்ளை என்ன பார்க்கிறது என்னும் வினாவோடு, உடனிருந்து பார்ப்பவர் யார் என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும். மடனை மடன் என அறிந்து நகைக்க அருகில் ஒரு வளர்ந்த மனம் தேவை. அது இல்லாதவிடத்துப் பிள்ளை ஷின்-சானையும் கற்று, கற்றதை விடாது பற்றும். பெற்றோரின் அச்சத்தில் உள்ள உண்மை இதுவே.

முடிவுரை

‘ஷின்-சான்’ தொடக்கக் காலத் தொடரின் நகை எள்ளலில் மட்டும் நிற்கவில்லை. இளமையிலும் மடனிலும் பெரிதும் வேரூன்றி, அழுகையின் நிலைக்களனான வறுமையைத் தொட்டு நிற்கிறது. சிறுவனின் அடாத சொற்களுள் பல வீட்டின் சொற்களே. பெண்களை நோக்கிய நகையில் இவ்விளக்கம் செல்லாது. அங்குக் குற்றச்சாட்டு நிலைபெறுகிறது. ஆதலின் முழுத்தடையும் முழுப்பாராட்டும் ஒருங்கே பொருந்தாதவை. இந்தித் தொலைக்காட்சியை மையமாகக் கொண்ட உரையாடலுக்கு அப்பால், தமிழ் ஒலிப்பதிவின் சொல்தேர்வையும் அதைக் கேட்டு வளர்ந்தோரின் பேச்சையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இனிச் செய்யத்தக்க பணியாகும்.