இருட்டுக்குள் எத்தனை படிகள்

ஓரியன் நெபுலாவின் படம் ஒன்று கிடைத்தால் எல்லோர் கண்ணும் நடுவில் ஜொலிக்கும் ட்ரபீசியம் விண்மீன் கூட்டத்துக்குப் போகும். என் கண் போவது ஓரத்துக்கு, வாயு மெலிந்து மெலிந்து வெறும் வானமாகிவிடும் இடத்துக்கு. அந்த மெலிவு வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா, பட்டை பட்டையாக உடைகிறதா என்று பார்த்தாலே செய்தவர் கை தெரிந்துவிடும். விலையுயர்ந்த மென்பொருள் இருந்தால்தான் அந்த மெலிவு வாய்க்கும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மங்கலான பகுதிகளைக் கண்ணுக்குத் தெரியும்படி இழுத்துப் பிரகாசமாக்கும் ஸ்ட்ரெச் முடியும்வரை பிட் ஆழத்தை விடாமல் பிடித்திருந்தால் போதும். அதற்குக் காசு கேட்காத சிரிலும் கிம்பும் தாராளம்.

கணக்கைப் பாருங்கள். 14 பிட் கேமரா தருவது 16,384 படிகள். ஓரத்துத் தூசி அதில் 400க்கும் 600க்கும் நடுவே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெச்சுக்கு முன், லீனியர் நிலையிலேயே 8 பிட்டாக மாற்றினால் 64 படிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இருநூறு படிகளில் மிஞ்சுவது நான்கே நிழல்கள். அதை எந்தக் கொம்பன் வந்து இழுத்தாலும் பட்டைதான் விழும். ‘பார்க்கிற திரையே 8 பிட், 32 பிட் எதற்கு?’ என்று கேட்கிறார்கள். திரை காட்டப்போவது 256 படிகள்தான், சரி. ஆனால் எந்த 256 என்று தேர்ந்தெடுக்கும் வேலையே ஸ்ட்ரெச். தேர்வுக்கு முன்பே களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கும்? நூறு பிரேம்களை ஸ்டாக் செய்யும்போது நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது, சராசரி முழு எண்களுக்கு நடுவே பின்னமாக விழுகிறது. அந்தப் பின்னங்களில்தான் மங்கலான தூசி இருக்கிறது. சிரிலின் 32 பிட் ஃப்ளோட் அதைச் சிந்தாமல் வைத்துக்கொள்கிறது. கிம்ப் இதற்கு லாயக்கில்லை என்ற பேச்சு 2018இல் 2.10 பதிப்பு வரும்வரை நியாயமானது; அதற்கு முன் அது 8 பிட்டிலேயே நின்றிருந்தது. இன்றைக்கும் அதையே சொல்வது பழைய வழக்கு.

சிரிலில் எனக்கு உயிர் அதன் ஆசின்ஹ் ஸ்ட்ரெச். வானியலாளர் ராபர்ட் லப்டனும் கூட்டாளிகளும் ஸ்லோன் வான்தொகுப்புப் படங்களை வைத்து 2004இல் விளக்கிக்காட்டிய வளைகோடு அது. மங்கலான பகுதியில் ஏறக்குறைய நேர்கோடாக ஏறும்; பிரகாசம் கூடக்கூட லாகரிதமாக வளைந்து அடங்கும். அதைவிட முக்கியம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்குவது. விகிதம் குலையாததால் நிறமும் குலைவதில்லை. கர்வ்ஸை மூன்று சேனலுக்கும் தனித்தனியாகப் போட்டு இழுத்தால் பிரகாசமான விண்மீன்களில் மூன்றும் உச்சியை நெருங்கிச் சமமாகிவிடும். திருவாதிரையும் ரைஜலும் ஒரே வெள்ளைப் பொட்டு. ஆசின்ஹில் திருவாதிரை செம்மையோடும் ரைஜல் நீலத்தோடும் நிற்கும். சென்சாரிலேயே வெளுத்துப்போன ட்ரபீசியத்தை அதுவும் மீட்காது, உண்மைதான். அதற்குக் குறுகிய எக்ஸ்போஷர்களைத் தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும். வெளிச்சத்தில் புதைந்ததை மீட்கும் வேலை கணினிக்கு முன்பே நடந்ததுதான். வான் ஒளிப்படக் கலைஞர் டேவிட் மாலின் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியின் கண்ணாடித் தகடுகளில், மங்கலாக்கிய பிரதியை முகமூடியாக வைத்து, வெளிச்சப் பகுதிக்குள் புதைந்திருந்த விவரங்களை வெளியே கொண்டுவந்தார். அவரிடம் மென்பொருளே இல்லை. எந்த நிழலை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தெளிவு இருந்தது.

விலைகொடுத்து வாங்கும் கருவிகள் நாய்ஸை நேர்த்தியாக நீக்குகின்றன, டீகன்வல்யூஷனிலும் முந்துகின்றன, மறுக்கவில்லை. என் வருத்தம் அந்த நேர்த்தியே ரசனையாகிவிட்டதில். இப்போது வரும் படங்களில் பாதிக்கு வானம் கரி பூசியதுபோல் இருக்கிறது, விண்மீன்கள் ஊசிமுனையாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன, நெபுலா மெழுகுபோல் வழவழக்கிறது. வான் பின்னணி பூஜ்யம் அல்ல. ஓரியனைச் சுற்றிலும் பழுப்புத் தூசி பரந்து கிடக்கிறது. பிளாக் பாயின்ட்டைச் சற்றே அதிகமாகத் தள்ளினாலும் முதலில் சாவது அதுதான். ஹிஸ்டோகிராமின் மேடு இடது சுவரை முட்டாமல், நடுவே கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டும். படம் அழகா என்று பேசுவதற்கு முன் அந்த இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.