இளவரசனும் நிழலும்

கணினி விளையாட்டு நுழையாத இல்லம் இன்று அரிது. அதனைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்குவது படத்தின் பொலிவையே. அப்பொலிவு விளையாட்டுக்கு உயிராகிறதா, ஒப்பனையாக நின்றுவிடுகிறதா என வினவுவோர் சிலரே.

1983-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராகன்ஸ் லேர்’ நல்ல சான்று. டான் புளூத் குழுவினர் கையால் வரைந்த அதன் ஓவியங்கள் திரைப்படத்துக்கு ஈடானவை. ஆனால் குறித்த நொடியில் கைப்பிடியைத் திருப்புவதும் பொத்தானை அழுத்துவதுமே ஆடுவோரின் பணி. அதனைப் பார்த்தோம் எனலாம். ஆடினோம் எனல் அரிது.

1989-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் நிலை வேறு. ஜஃபர் எனும் வஸீரின் பிடியிலுள்ள இளவரசியை, நிலவறையில் அடைபட்ட இளைஞன் 60 நிமிடங்களுக்குள் மீட்க வேண்டும். ஆசிரியர் ஜோர்டன் மெக்னர், தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பதிந்து, அவ்வசைவுகளை ஒவ்வொன்றாகத் திரைக்கு மாற்றினார். அசைவு அழகாயிற்று, எனினும் விளையாட்டில் சுவை குன்றியிருப்பதை அவரே உணர்ந்தார். எதிரி ஒருவன் தேவைப்பட்டான். புதிய உருவம் சேர்க்கவோ ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் இடமில்லை. எனவே இளவரசனின் படங்களையே சிறிது மாற்றி, நிழல் மனிதனை ஆக்கினார்.

கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது பிறக்கும் அந்நிழல், இளவரசனுக்குரிய மருந்தைப் பருகிவிடுகிறது. பிறிதோரிடத்தில் கதவை அடைத்து அவனை வீழ்த்துகிறது. இறுதியில் வாளேந்தி எதிர் நிற்கிறது. அதனை வெட்டினால் காயம் இளவரசனுக்கே. வாளை உறையிலிட்டு நெருங்கினால் இருவரும் ஒருவராகின்றனர். இதனை ஆடுவோர் தாமே கண்டறிய வேண்டும். உருவ ஒற்றுமையே இங்குப் புதிருக்கு விடையாகிறது. படத்தையும் ஆட்டத்தையும் இனிப் பிரிக்க இயலுமா?

குறையும் உண்டு. தொடங்கிய அசைவு முடிந்த பின்னரே உருவம் அடுத்த கட்டளைக்கு இணங்குகிறது, புதியவர் சலிப்படைவர். ஆயினும் அத்தாமதமே ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கப் பழக்குகிறது. பள்ளத்தின் விளிம்பில் உடலின் கனத்தை நாம் உணர்கிறோம்.

இன்றைய கணினிகளில் நினைவகப் பஞ்சமில்லை. எதையும் வரைந்து குவிக்கலாம். அதனாலேயே தேர்வு கடினமாயிற்று. பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கும்போது விளம்பரப் படத்தோடு நின்றுவிடாமல், அதில் அவர்கள் எதைச் சிந்தித்து முடிவுசெய்ய வேண்டியுள்ளது என்றும் கேட்போமாக.