ஓக் சட்டகமும் மூன்று தச்சு மரபுகளும்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணைவீடு என்றதும் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கறுப்பில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசனை பூசியது. அதற்கு முன் பல வட்டாரங்களில் ஓக் மரம் வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் நிறமாக நின்றது. சில ஊர்களில் மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். இந்த வீடுகளின் தரத்தை அறிய நிறத்தை விட்டுவிட்டு, தச்சன் போட்ட பூட்டைப் பார்க்க வேண்டும்.

ஜே. டி. ஸ்மித் 1965இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கலையைக் கிழக்கு, மேற்கு, வடக்கு என்று மூன்று மரபுகளாக வகுத்தது. வடக்கு மரபில் தூண்கள் பெரும்பாலும் நேரே கல்மேல் நிற்கும். விட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குத்துக்கால் கூரை உச்சிவரை ஏறும். ஹாலிஃபாக்ஸ் பகுதியில் இத்தகைய பல வீடுகள் பிற்காலக் கற்சுவருக்குள் மறைந்திருக்கின்றன.

மேற்கின் பெருமை ‘க்ரக்’. வளைந்து வளர்ந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து, தரையருகிலிருந்து கூரை உச்சிவரை இணை இணையாக நிறுத்துவார்கள். கூரையின் பாரம் சுவரில் இறங்காது. வூஸ்டர்ஷயரிலுள்ள லை கோர்ட் களஞ்சியத்தில், சுமார் 1325இல் நிறுத்திய 18 க்ரக் கட்டைகளும் தனித்தனி ஓக் மரங்கள். காட்டில் நிற்கும் மரத்தின் வளைவிலேயே கூரையைக் கண்ட தச்சர்களின் வேலை அது. கென்ட்டிலும் எசெக்ஸிலும் இந்த முறை ஏறக்குறைய இல்லவே இல்லை.

என் மனம் சாய்வது கிழக்கு மரபின் பக்கம், அதிலும் தென்கிழக்கின் பக்கம்தான். அங்கே கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் நின்ற பேலீஃப் பண்ணைவீடு, நீர்த்தேக்கம் ஒன்றுக்காக 1960களின் இறுதியில் பிரிக்கப்பட்டு, சசெக்ஸின் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுந்தது. பெரும்பகுதி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். மேல்முனை அறைகள் சுமார் 1510. நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது. தரையில் அடுப்பு, மேலே திறந்த கூரை. புகை கைமரங்களைக் கறுக்கவைத்தபடி தானே வழி தேடும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளும் உள்கதவுகளும் மட்டுமே.

இத்தகைய சட்டகத்தில் தூணின் தலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். மரத்தின் அடிப்பாகம் மேலே வரும்படி தூணைத் தலைகீழாக நிறுத்துவது வழக்கம். அகன்ற அந்தத் தலையில் இரண்டு நாக்குகள் செதுக்கப்படும். ஒன்று சுவர் உத்திரத்துக்குள் நுழையும். மற்றது அதன்மேல் குறுக்கே வரும் விட்டத்துக்குள். விட்டமோ புறாவால் வெட்டில் உத்திரத்தைக் கவ்விக்கொள்ளும். மூன்று கட்டைகளும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று பிடிக்கும். கூரையின் தள்ளுதலால் சுவர் வெளியே சாயாமல் காப்பது இதுதான். இரும்பாணி தேவையில்லை, நாக்கின் துளையைச் சற்றே விலக்கிப் போட்டு ஓக் முளையை அடித்தால், முளையே மூட்டை இறுக்கும். மரம் ஈரமாக இருக்கும்போதே அறுத்துச் செதுக்கினார்கள். அது சட்டகத்திலேயே நின்று உலர்ந்து நெளிந்தது. அந்த நெளிவைப் பிழையென்று எண்ணி நிமிர்த்த முயல்வோர் நல்ல மூட்டுகளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பழுதுபார்ப்பிலும் தரம் உண்டு. வில்லியம் மோரிஸ் முன்னின்று 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், குறைந்த தலையீட்டையே வற்புறுத்தியது. தூணின் அடி உளுத்திருந்தால் உளுத்த பகுதியை மட்டும் அறுத்து, புதிய ஓக்கைச் சரிவு மூட்டில் சேர்த்தால் போதும். வரிச்சுக்கும் களிமண்ணுக்கும் பதிலாகச் சிமென்ட் பூசுவதுதான் பெரிய கேடு: ஈரம் வெளியேற வழியின்றி மரத்தில் தங்கிவிடுகிறது.

கட்டையில் வெறுமையாகக் கிடக்கும் துளைகளைக் காட்டி, உடைந்த கப்பலின் மரம் என்று கதை சொல்வார்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தடுப்புச் சுவர் இருந்திருக்கும். அல்லது அந்தக் கட்டை அதற்கு முன் வேறொரு வீட்டையோ களஞ்சியத்தையோ தாங்கியிருக்கும்.