குலச்சின்னமும் குல வரலாறும்

குலச்சின்னம் ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறுகின்றதா, அன்றி அக்குடும்பம் தன்னைப்பற்றிப் பிறர் எவ்வாறு எண்ணுதல் வேண்டுமென விரும்பியது என்பதைக் கூறுகின்றதா? குடும்பச் சங்கங்கள் மூதாதையர் பெயரால் இலச்சினைகள் வரைந்துகொள்ளும்போது இவ்வினா எழுதல் இயல்பே. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சின்னம் இதனை ஆராய்தற்குத் தக்க உரைகல்லாகும்.

அவர்தம் காசுகளின் ஒரு புறத்தே படுத்திருக்கும் எருதும், மேலே பிறையும், கீழே ‘சேது’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. எருதும் பிறையும் சிவனுக்குரியன. சேது இராமேசுவரத்தைச் சுட்டுவது. கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டும் இச்சொல்லுடனேயே தொடங்குகின்றது. எனவே, சைவச் சார்பும் சேதுவின் காவலுரிமையும் ஆகிய இரண்டையும் அரசமரபு உலகறியக் கோரியது எனலாம்.

கீழைக் கங்கரின் காசுகளிலும் எருதும் பிறையும் காணப்படுதலின், இம்மரபைக் கலிங்கத்தோடு இணைத்தோர் உளர். சின்னத்தை மட்டும் கொண்டு செய்யும் அம்முடிபு வலுவற்றது. பல்லவரும் எருதையே இலச்சினையாகக் கொண்டனர். சைவ வேந்தர் எவரும் மேற்கொள்ளத்தக்க சின்னம் இரத்த உறவுக்குச் சான்றாகாது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தி என்பான் பாண்டியரின் படைத்தலைவனாக இலங்கைமீது படையெடுத்தமையைச் சூளவம்சம் கூறுகின்றது. இச்செய்தியோடு வைத்து நோக்குமிடத்து, பொதுவான எருதினும் ‘சேது’ என்னும் சிறப்புச் சொல்லே ஆய்வாளனுக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

சின்னத்தின் பொருளை அதனை ஆக்கியோர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு வன்னி சான்று பகர்கின்றது. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை, அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் வொன் டிரிபேர்க் என்னும் படைத்தலைவன் தோற்கடித்தான். அவ்வெற்றியை ஆங்கிலத்திற் குறித்துக் கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டது. ஆயின், வன்னி மக்கள் அதனை வென்றவனின் கல்லாகக் கொள்ளவில்லை; தோற்றவனின் நினைவுக்கல்லாகவே போற்றினர். ஆங்கிலேயரின் பெருமைக்கென வெட்டப்பட்ட எழுத்து, அடங்காப்பற்றின் பெருமைக்குச் சான்றாயிற்று.

இன்று குடும்பச் சங்கங்கள் பல கேடயமும் தலைச்சீராவும் கொண்ட வடிவத்தை விரும்புகின்றன. கவசத்துள் முகம் மறைந்த வீரரை இனங்காண 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்க்களத்தில் வளர்ந்த வடிவம் அது. குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அது எவ்வகையிற் பொருந்தும்? மாட்டின் உடலிற் சுடப்பட்ட குறியே அக்குடும்பத்தை அயலார்க்கு அறிவித்தது. அக்குறி வீரம் பேசாது. இந்த மந்தை இன்னாருடையது என்னும் மெய்யை மட்டும் பேசும். சின்னம் வரைவோர் அரச பரம்பரை தேடுமுன், தம் முன்னோர் உண்மையில் இட்ட குறி யாதென வினவுதல் நன்று. இல்லாத பெருமையைக் கோரும் இலச்சினை, இருந்த வாழ்வை மறைத்துவிடும்.