வளையல் உடையாத கை

ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் போர்வீரனுக்கான நினைவுச் சின்னத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் கம்பெனிகளின் சுற்றுச்சுவர்களைத் தாண்டி உள்ளூர்ப் பாதைகளில் போனால், ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ புளியமரத்தடியிலோ ஒரு கல் நிற்கும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது நடுகல், கன்னடம் பேசுகிறவர்களுக்கு வீரகல். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பலருக்கு அது வேடியப்பன் சாமி. ஆநிரை கவர வந்தவர்களோடோ ஊரை எரிக்க வந்தவர்களோடோ போரிட்டு மடிந்தவனுக்கு ஊர் எடுத்த கல்.

இந்தக் கற்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வில்லின் வளைவு, வாளின் நீளம், கொண்டையின் சாய்வு, எழுத்தின் காலம் என்று ஒவ்வொன்றையும் அளந்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கல்லில் பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் பேச்சு சுருங்கிவிடுகிறது.

மூன்று அடுக்குக் கல்லை எடுத்துக்கொள்வோம். கீழே சண்டை. நடுவே இரண்டு பெண்கள் வீரனை இருபுறமும் தாங்கி மேலே கொண்டு போகிறார்கள். உச்சியில் அவன் சிவலிங்கத்தின் அருகே அமர்ந்திருக்கிறான். நடுவிலிருக்கும் பெண்கள் தேவலோகத்தவர்கள், அவன் செத்ததற்குக் கிடைத்த பரிசு. மண்ணில் அவனோடு வாழ்ந்தவள் மூன்று அடுக்கிலும் இல்லை.

அவள் கல்லில் வருவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியின் பெயர் மாஸ்திக்கல். மகாசதி என்ற சொல்தான் பேச்சில் மாஸ்தி ஆகியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்தில் மாஸ்தி என்று ஓர் ஊரே இருக்கிறது. கணவனின் சிதையில் எரிந்தவளுக்கான கல் அது. சிலவற்றில் அவள் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு கையை உயர்த்தி நிற்பாள். சிலவற்றில் ஆளே இல்லை. ஒரு தூணிலிருந்து முழங்கை மடங்கிய ஒற்றைக் கை மட்டும் வெளியே நீளும், உள்ளங்கை விரிந்தபடி. முகம் தேவைப்படவில்லை. ஆனால் மணிக்கட்டில் வளையல்களை மட்டும் சிற்பி மறக்காமல் செதுக்கியிருப்பான். கணவன் செத்தும் வளையல் உடைபடாத பெண் அவள் ஒருத்திதான், ஏனென்றால் உடைப்பதற்குள் அவளும் செத்துவிட்டாள்.

செங்கம் பகுதி எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாயும் அதில் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். எனக்கு நாயின் மேல் கோபம் இல்லை. அதற்குப் பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அவன் வீட்டில் அன்று மாலை யார் அழுதார்கள், மீண்டு வந்த எருமைகளை மறுநாள் காலையில் யார் கறந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லில் இடம் இருக்கவில்லை.

உயிரோடு இருந்தவளின் நிலை என்ன? அதைச் சொல்ல ஒரு பெண்தான் வர வேண்டியிருந்தது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாய நின்ற பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுத்த சான்றோரிடம் பேசிய பாட்டு புறநானூற்றில் 246ஆவதாக இருக்கிறது. கற்பின் உச்சம் என்று பள்ளியில் நமக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபடி படித்துப் பாருங்கள். பாட்டின் பெரும்பகுதி கணவனைப் பற்றியதே அல்ல. கைம்பெண்ணின் சாப்பாட்டைப் பற்றியது. நெய் இல்லாத பிழிந்த சோறு, வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுக்கை. அந்த வாழ்க்கையைவிட நெருப்பு தனக்குக் குளிர்ந்த குளம்தான் என்கிறாள். இதைக் காதல் என்று மட்டும் வாசிப்பதற்கு நிறைய மறதி வேண்டும். அவள் சான்றோர் முன் வைத்தது குற்றப்பத்திரிகை. நாம் அதைத் தியாகம் என்று கோப்பில் சேர்த்துவிட்டோம்.

மாஸ்திக்கல் அந்தக் குற்றப்பத்திரிகையை மறைத்துவிட்டு உயர்ந்த கையை மட்டும் காட்டுகிறது. அதனால்தான் அதை வீரமங்கையின் நினைவுச் சின்னம் என்று மேடையில் யாராவது சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. சென்னை மாகாணம் 1830இலேயே உடன்கட்டையைத் தடை செய்தது. 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 18 வயது ரூப் கன்வர் எரிந்தபின் வந்த சட்டம், சதியைப் போற்றுவதையும் குற்றமாக்கியது. கல்லைப் பெயர்த்து எறியச் சொல்லவில்லை நான். ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது இருக்கட்டும் என்கிறேன், சாட்சியாக. அருங்காட்சியகத்தில் வைத்தால் பக்கத்தில் "சதிக்கல்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எரிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கான கல் இது என்று எழுதி வைக்கட்டும்.

போன தை மாதம் தேன்கனிக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாஸ்திக்கல்லைப் பார்க்கப் போயிருந்தேன். வயதான ஓர் அம்மா கல்லைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மஞ்சளும் குங்குமமும் தட்டில் அப்படியே இருந்தன.

"நீங்க வைக்கலையா அவ்வா?"

"நான் வைக்கக் கூடாதும்மா. எங்க வீட்டுக்காரரு போயி இருவது வருசம் ஆச்சு. மருமக ஷிப்ட் முடிஞ்சி வந்து வைப்பா." வெறும் கையால் கல்லின் வளையலைத் துடைத்தார். "இவ குடுத்து வெச்சவ."