ஆடுவோரும் அவர் வந்த வழியும்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என ஒன்று உண்டு. அறியாதார்க்கு இரண்டொரு சொல். நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். நடத்துநர் ஒருவர் இடத்தையும் நிகழ்ச்சியையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்வர். ஐயத்துக்குரிய செயலின் முடிவைப் பகடை தீர்க்கும். இவ்வகையில் முன்னோடியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தனர்.

அம்முதற் பதிப்பின் அட்டையில் பாத்திரமேற்றல் என்னும் பேச்சே இல்லை. போர் விளையாட்டுக்குரிய விதிகள் என்றே அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பொம்மைப் படைகளை நகர்த்திப் பழகியோரை நோக்கி எழுதப்பட்ட அந்நூல், விரைவில் அறிவியற் புனைகதை வாசகர் கைக்கும் சென்றது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்டு தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ இதழ் அவ்வாசகர் மரபில் பிறந்ததாகும். இவ்விரு கூட்டத்தாரும் விளையாட்டை இரு விதமாகப் புரிந்துகொண்டு வழக்காடியதை ஜான் பீட்டர்சன் ‘தி எலூசிவ் ஷிஃப்ட்’ (2020) நூலில் அக்கால இதழ்களைக் கொண்டே விளக்குகிறார். நல்ல நூல். ஆயினும், ஒருவரது பின்புலம் என்பது அவர் முன்பு ஆடியதும் படித்ததுமே என எண்ணிவிட அது இடந்தருகிறது. அஃது எனக்கு உடன்பாடன்று.

ஜொகூர்த் தோட்டப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனாகிய நான், ஆண்டிறுதி விடுமுறையில் பூன் லேயில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். (ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சியூ பூன் லேயின் பெயரைத் தாங்கிய இவ்வட்டாரத்தில் இன்று மரங்களின் இடத்தில் அடுக்குமாடிகள்!) கீழ்த்தளத்து மேசையில் வாரந்தோறும் இளைஞர் நால்வர் இவ்விளையாட்டை ஆடினர். கணினி விளையாட்டில் ஊறிய என் மருமகன் அறைக்கு அறை புள்ளியைக் கணக்கிட்டான். நாவல் படிக்கும் பெண்ணொருத்தி, தன் பாத்திரத்துக்குக் காணாமற்போன தம்பி ஒருவனைப் படைத்து, அவனைத் தேடியே கோட்டைக்குள் புகுந்தாள். நாடகத்தில் நடிப்பவனோ வாயிற்காவலனோடு கால்மணி நேரம் பேசினான்; பகடையைத் தொடவில்லை. தெருக்கூத்தில் திரைக்குப் பின் நிற்கும் வேடத்தைக் கட்டியங்காரன் யாரென வினவுவான் அல்லவா? கதையின் முடிவு எல்லார்க்கும் தெரியும். விடை சொல்லும் திறமே சுவை. இவனுக்கும் அப்படியே. இதுவரை பீட்டர்சன் வழியில் விளக்கம் கூறிவிடலாம்.

நான்காமவன் என் பழைய மாணவன். துவாஸில் தொழிற்சாலை வேலை. தன் முறை வரும்போதெல்லாம் “இதைச் செய்யலாங்களா?” என்றான். “உன் பாத்திரம், நீதான் சொல்லணும்” என நடத்துநர் கூறியும், அவன் கண் என் பக்கமே திரும்பியது. அவன் ஆடியவற்றையும் படித்தவற்றையும் துருவினால் இதற்கு விடை கிடைக்குமா? கங்காணியையும் துரையையும் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவரின் பேரன் அவன். கையுயர்த்தி அனுமதி பெற்றே வாய் திறக்கவேண்டும் என்று அவனைப் பழக்கியவன் நான். பயிற்சிக் கல்லூரியில் ‘பாகமேற்றல்’ என்னும் கற்பித்தல் முறையை நானும் பயின்றவன்தான். வகுப்பில் அதை நடத்தியபோது, கடைக்காரர் பேச்சையும் வாங்குவோர் பேச்சையும் நானே எழுதிக் கொடுத்தேன். மாணவர் ஒப்பித்தனர். நாள் பாடத்திட்டத்தில் ‘நோக்கம் நிறைவேறியது’ என்றும் குறித்துவைத்தேன்!

பின்புல வேறுபாட்டை இன்று பதிப்பாளரும் உணர்ந்துள்ளனர். 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்க மண்ணின் சாயலில் ஒரு கதைக்களம் அமைத்திருக்கிறார். வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் கோட்டையை மாற்றிச் செம்மண் சாலையும் மாரியம்மன் கோயிலும் வைத்தால் மட்டும் என் மாணவன் அனுமதி கேட்பதை விட்டிருப்பானா? களம் அவனுக்குப் பழகியதாகும். ஆடும் உரிமை தன்னுடையது என்னும் துணிவு அதனால் வந்துவிடாது.

மூன்றாம் வாரம் நான் வேண்டுமென்றே தேநீர் வாங்கப் புறப்பட்டேன். திரும்பியபோது மேசையில் ஒரே சிரிப்பு. யாரையும் கேளாமல் கதவைத் திறந்து, அவன் பாத்திரம் பூதத்திடம் சிக்கி மாண்டுவிட்டதாம். அவனோ மருமகனின் பையிலிருந்து தாளொன்றை உருவி, புதிய பாத்திரத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.